தடை முத்திரையும் ஒரு மூட்டை உப்பும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் திருப்புளி அக்கா. கொண்டையில் பென்சில் செருகிக்கொள்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இவள் ஒரு சின்னத் திருப்புளியைச் செருகியிருப்பாள். டயாலிசிஸ் பிரிவில் பதினேழு வருடமாக மெஷின் பழுதுபார்க்கிறவள். மொத்தம் எட்டு மெஷின், ஓடுவது ஐந்து. மற்ற மூன்றும் சுவரோரமாகக் குடலை உருவிய நிலையில் நிற்கின்றன. அவற்றைக் கழற்றிக் கழற்றித்தான் இந்த ஐந்தையும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் முதலில் பார்த்தது மெஷினை அல்ல, பின்னறைச் சுவரில் இருக்கும் மீட்டரை. டயாலிசிஸுக்கு ஒரு நோயாளிக்கே குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீரெல்லாம் அதற்கு ஆகாது; மெம்பிரேன் என்கிற சவ்வுச் சுருளுக்குள் அழுத்தித் தள்ளி, சுத்தத்திலும் சுத்தமாக எடுக்க வேண்டும். எடுத்த தண்ணீர் நன்றாக இருந்தால் மீட்டர் இருபதுக்குள் காட்டும். ஐம்பதைத் தொட்டால் ஐந்து மெஷினையும் நிறுத்தியாக வேண்டும். அன்றைக்கு நாற்பத்தொன்று காட்டியது.

ஆறு வருடமாக அமிலத்தில் கழுவிக் கழுவி, கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிய மெம்பிரேன் அது. சனிக்கிழமைதான் கழுவியிருந்தாள். அதற்குள் நாற்பத்தொன்று என்றால் வியாழன் வரை தாங்குமா என்பதே சந்தேகம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்காவது கட்டிலில் படுக்கப்போகிறவன் அவளுடைய தம்பி. திங்கள், வியாழன் என்று வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பது அந்தப் பிரிவில் வேலை செய்கிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று முறை செய்வார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் மெம்பிரேன் கெட்டுப்போனபோதுதான் இரண்டாகக் குறைத்தார்கள். அந்த வருடம் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் தையல்காரர். கையில் ஊசி குத்தியிருக்கும்போதே, "அக்கா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க, உங்க கோட்டுல தையல் விட்டிருக்கு" என்று கூப்பிடுகிறவர். அவரை நினைக்க வேண்டாம் என்று அவள் எவ்வளவோ பார்த்தாள். பின்னறைக்கு வந்து மீட்டர் முன் நின்றாலே அவர் வந்துவிடுவார்.

அன்று தம்பியைப் படுக்க வைத்து, முடித்து, கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். தம்பி கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டில்தான் இருந்தான். வீட்டில் அவள் புருஷனுக்கும் தம்பிக்கும் ஒரு சண்டை உண்டு. வருஷக்கணக்கில் நடக்கிற சண்டை. நாடு ஏன் இப்படிப் பஞ்சப்பாட்டுப் பாடுகிறது என்பதுதான் விஷயம். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தம்பி, உடம்பு முடியாமல் போகும் வரை அரசாங்கக் காய்கறிக் கிடங்கில் எடைபோட்டவன். வெளிநாடுகள் சேர்ந்து போட்ட வர்த்தகத் தடைதான் காரணம் என்பார் அவர். நம் அரசாங்கம்தான் என்பான் இவன்.

"மாப்ள, என் கிரேன் இந்த மாசம் எத்தனை பெட்டி தூக்குச்சு தெரியுமா? ஒம்போது! துறைமுகம் வரைக்கும் வந்த கப்பலை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல கடல்லயே மடக்கித் திருப்பி அனுப்பினாங்க. என் கண்ணால பார்த்தேன். பொருளே வரலன்னா எந்த அரசாங்கம் என்ன பண்ணும்?"

"தக்காளி எந்தக் கப்பல்ல மாமா வருது?" என்று தம்பி படுத்தபடியே கேட்டான். குரலில்தான் தெம்பில்லை, வாய் குறையவில்லை. "நம்ம மண்ணு, நம்ம தண்ணி, நம்ம ஆளு. லாரி வெளிய போக ஒரு அனுமதித் தாள் வேணும். அது வர பதினோரு நாள் ஆச்சு. அத்தனையும் அழுகி, மண்வெட்டியால அள்ளிப் போட்டோம். நானும் என் கண்ணாலதான் பார்த்தேன்."

"லாரிக்கு டயர் இல்லாம நின்னிருக்கும்."

"டயர் இருந்துச்சு மாமா! டிரைவர் அதுமேலயே உக்காந்து பதினோரு நாள் டீ குடிச்சாரு!"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் இருவரையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டுச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா?" என்று கத்தினாள். தம்பியின் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

செவ்வாய்க்கிழமை மீட்டர் நாற்பத்து நான்கு காட்டியது. அவள் அவசரப் படிவம் எழுதி மத்தியக் கிடங்குக்கு அனுப்பினாள். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. அந்தக் கிடங்கிலிருந்து அதே நாளில் பதில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. படிவத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு வரி: தடைப் பட்டியலில் உள்ள பொருள், நாட்டில் இல்லை.

இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டு அலுவலகங்களில் எந்தப் பொருள் கெட்டாலும், எது கிடைக்காவிட்டாலும், ஒரு படிவம் எழுத வேண்டும். படிவத்தின் கடைசியில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கும். அந்த ஒரு வார்த்தையையும் எழுதச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார்கள்: தடை. அதைக் குத்திவிட்டால் எவரும் எதையும் கேட்க மாட்டார்கள்; பொருளும் 'நாட்டில் இல்லை' என்று தடைப் பட்டியலில் ஏறிவிடும். வேறு எதையாவது எழுதினால் யார், ஏன், எப்போது என்று விசாரணை வரும். ஆகவே மெஷினுக்குப் பம்பு இல்லையென்றாலும் தடை, பல்பு எரியவில்லை என்றாலும் தடை. ஒருமுறை துடைப்பக்கட்டை உடைந்ததற்கும் குத்தி அனுப்பினார்கள். அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலை நாற்பத்தேழு. இனி படிவத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று அவளே பஸ் ஏறி மத்தியக் கிடங்குக்குப் போனாள். கிடங்குக்காரர் பதினேழு வருஷப் பழக்கம். எதைக் கேட்டாலும் முதலில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் மனுஷர்.

"இல்லம்மா. எழுதித்தான் அனுப்பினேனே," என்றார்.

"இல்லன்னு நானே கண்ணால பார்த்துட்டுப் போறேன். அலமாரியைக் காட்டுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா..."

அவர் மென்று விழுங்கிய விதத்திலேயே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கடைசி வரிசையில், மடக்குக் கட்டில்களுக்குப் பின்னால், நீளமான நான்கு அட்டைப்பெட்டிகள். தூசியைக் கையால் வழித்தாள். அதே கம்பெனி, அதே அளவு, உறை பிரிக்காத நான்கு மெம்பிரேன்கள்.

கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி, குத்தப் போகிறவளைப் போல அவர் பக்கம் திரும்பினாள். கிடங்குக்காரர் நிஜமாகவே இரண்டடி பின்னால் போனார்.

"கோபப்படாதம்மா, கேளு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால உதவிக் கப்பல் ஒண்ணு வந்துச்சில்ல, அதுல வந்தது. பட்டியல்ல 'நாட்டில் இல்லை'ன்னு இருக்கு. இல்லாத பொருளை நான் எப்படிம்மா எடுத்துக் குடுக்கிறது? குடுத்தா, வந்திருக்குன்னு ஆகும். வந்திருக்குன்னா ரெண்டு வருஷமா ஏன் குடுக்கலன்னு கேப்பாங்க. பட்டியல்லருந்து அடிக்கணும்னா ஒரே வழிதான். அந்தப் பொருளுக்கு முதல் முதலா 'தடை'ன்னு குத்தினவங்க, 'நான் எழுதின காரணம் தப்பு'ன்னு கைப்பட எழுதித் தரணும்."

"யாரு அந்தப் புண்ணியவான்? சொல்லுங்க, இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன்."

அவர் தன் மேசைக்குப் போனார். ஒரு பழைய கோப்பை எடுத்து, முதல் தாளைத் திருப்பி, அவள் முன்னால் வைத்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய படிவம். காரணம் என்ற கட்டத்தில் கோணலாகத் தடை முத்திரை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து.

அவள் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. மெம்பிரேனுக்குப் போகும் தண்ணீரின் சுண்ணாம்பை முதலில் ஒரு வடிகட்டி எடுக்க வேண்டும்; அந்த வடிகட்டியைக் கழுவ உப்புத் தொட்டியில் உப்பு வேண்டும். வேறு ஒன்றுமில்லை, கடையில் விற்கிற சாதாரணக் கல்லுப்பு. அது போட்டிருந்தால்தான் தண்ணீரின் சுண்ணாம்பு மெம்பிரேனில் படியாது. அந்த வருடம் உப்பு தீர்ந்தது. உப்பு கேட்டு எழுதினாள். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ தடையால் மக்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். வந்தார். தாள் வேறு மேசைக்குப் போயிருந்தது. நான்கு மாதம் உப்பில்லாமல் ஓடி, மெம்பிரேன் சுண்ணாம்பு பிடித்துப் பாழானது. புது மெம்பிரேன் கேட்டுப் படிவம் எழுத உட்கார்ந்தபோது, 'உப்பு வாங்கவில்லை' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தாள். பக்கத்தில் நின்ற குமாஸ்தா, "எதுக்குக்கா வம்பு? இதைக் குத்திட்டுப் போங்க" என்று முத்திரையை நீட்டினார். குத்தினாள். அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் எத்தனை தடவை குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

"தடையும் பொய்யில்லையே," என்றாள் கடைசியில். "முன்னெல்லாம் ஒரு போன் பண்ணினா மூணே வாரத்துல புது மெம்பிரேன் வந்துடும். அப்புறம் அந்தக் கம்பெனி விக்கவே மாட்டேன்னுட்டான்."

"அதைத்தாம்மா எல்லாரும் சொல்றோம்," என்றார் கிடங்குக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதிக் குடுத்தா பெட்டியை நான் இப்பவே தரலாம், அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா நகல் மேல போகும். பொய் அறிக்கைன்னு உன் வேலை போகும். நீ போயிட்டா அந்த அஞ்சு மெஷினையும் யாரும்மா பார்ப்பா? நல்லா யோசிச்சுக்கோ."

யோசித்தாள். எழுதினால் மெம்பிரேன் உண்டு, பழுதுபார்க்க ஆள் இல்லை. எழுதாவிட்டால் ஆள் உண்டு, மெம்பிரேன் இல்லை. இப்படி ஒரு கணக்கை எந்தப் பாவி கண்டுபிடித்தான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் முதலாவது மாதங்கள் கழித்து வரும் ஆபத்து. இரண்டாவது நாளைக் காலை ஏழு மணிக்கு வருவது. தம்பியின் கணுக்காலில் விழுந்த குழி கண் முன்னால் நின்றது. "பேனா குடுங்க," என்றாள்.

காரணக் கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதினாள், அதுவும் போதாமல் தாளின் பின்பக்கம் போனாள். மெம்பிரேன் பாழானது உப்பு போடாததால். உப்பு போடாதது தாள் நகராததால். புது மெம்பிரேனை வாங்க முடியாமல் போனது தடையால். உதவியாக வந்த மெம்பிரேன் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது பட்டியலால். பட்டியலில் ஏற்றியது நான். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

அன்று மத்தியானமே நீளப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழாயின் மூடியைக் கழற்றி, சுண்ணாம்பு ஏறிக் கனத்துக் கிடந்த பழைய சுருளை நர்ஸும் அவளுமாக இழுத்துப் போட்டார்கள். புதியதை ஏற்றி, தண்ணீரை ஓடவிட்டு, மருந்தடித்து, மறுபடி ஓடவிட்டு, கண்கொட்டாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் காலை ஆறரை மணிக்கு அது பதினொன்றில் வந்து நின்றது. ஆறு வருடத்தில் அவள் பார்க்காத எண். ஏழு மணிக்குத் தம்பி நான்காவது கட்டிலில் படுத்தான்.

ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் சங்கடம். மேசையில் அவள் எழுதிய தாளின் நகலும், அதன் பக்கத்தில் மஞ்சள் படிந்த ஒரு கடிதமும் கிடந்தன.

"அந்தக் கம்பெனிக்கு நானே மூணு தடவை எழுதினேன்," என்றார். "கை நீட்டிப் பிச்சை கேக்காத குறையா எழுதினேன். 'உங்கள் நாட்டுக்கு விற்க இயலாது'ன்னு ஒரே வரி. இதோ இருக்கு, பாரு. சாகப் போறவங்களுக்கு ஒரு குழாயைக் கூட விக்க மாட்டான். அவனைக் கேக்க ஆளில்ல. நீ போய் 'உப்பு'ன்னு எழுதிக் குடுத்திருக்கே. தடை போட்டவங்க கையில கிடைச்சா கைதட்டிச் சிரிப்பாங்க, தெரியுமா?"

அவள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது தெரிந்தது.

"கடல்ல நிறுத்தினது அவங்கதான், டாக்டர்," என்றாள். "அலமாரில நிறுத்தினது நாம."

அவர் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு விசாரணை முடியும் வரை அவள் வேலைக்கு வரக்கூடாது என்று எழுதிய தாளை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கொண்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கண்ணீரைக் கட்டுப்படுத்தினாளா என்றால் இல்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

இரண்டு மாதம் போனது. விசாரணை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி, போன வேகத்தில் திரும்பி வந்தான். மூச்சு வாங்க வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு மெஷின் நின்னுடுச்சுக்கா. என்னை நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கு. 'பழுதுபார்ப்பவர் இல்லை.' கீழ முத்திரை. 'காரணம்: தடை'!"

முதலில் புருஷன்தான் சிரித்தார். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மூச்சு அவனிடம் இல்லை. அதைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்று ஒரு சீட்டு உண்டு. அதைத் தம்பியின் பையிலிருந்து எடுத்தாள். கதவில் நின்ற காவல்காரர் இவளைப் பதினேழு வருடமாகத் தெரிந்தவர்.

"யாரும்மா நீங்க?" என்று முறைப்படி கேட்டார்.

"நாலாவது கட்டில் நோயாளியோட அக்கா."

"கொண்டையில என்ன?"

"கொண்டை ஊசி."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மெஷின் எழுந்துவிட்டது. தம்பியைப் படுக்க வைத்து ஊசி ஏற்றினார்கள். பதினேழு வருஷப் பழக்கம் விடுமா? கால் தானாகப் பின்னறைக்குப் போனது. மீட்டர் முப்பத்தொன்று.

இரண்டு மாதத்தில் பதினொன்று முப்பத்தொன்றாகிவிட்டது. அவள் ஓடிப்போய் உப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு கல் உப்பில்லை.

"எழுதிக் குடுத்திருக்கோம்க்கா," என்றாள் பின்னால் வந்து நின்ற நர்ஸ். "ஆறு வாரமாச்சு. தாள் எங்க இருக்குன்னு தெரியல."

அவள் மூடியைப் போட்டாள். விடுவிடுவென்று ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினாள். எதிரே மளிகைக் கடை. கடைக்காரன் மூட்டையாகவே கல்லுப்பு அடுக்கி வைத்திருந்தான். கல்லுப்பு அந்த நாட்டுக் கடலிலேயே விளைவது. அதற்குக் கப்பலும் வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். கைப்பையில் இருந்ததைக் கொடுத்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். இந்தத் தடவை காவல்காரர் வழியை மறித்தே விட்டார்.

"அக்கா, மத்ததெல்லாம் சரி. இது என்ன, உப்பா? கிட்னி நோயாளிக்கு உப்பு விஷமாச்சே! வெளிப்பொருள் வேற. நான் எப்படி விடுறது?"

"தடுக்கணும்னா தடுங்க. காரணம் என்னன்னு மட்டும் எழுதிக் குடுங்க. முத்திரை வேண்டாம், உங்க கைப்பட."

அவர் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மூட்டையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

தொட்டியில் உப்பு சரசரவென்று விழுந்தது. பாதி மூட்டை கொட்டியதும் அவள் கை நின்றுவிட்டது. நர்ஸ் பதறிப்போய்த் தோளைத் தொட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்த தம்பி தலையைத் தூக்கி, "என்னாச்சுக்கா? ஏன் அழுவுற? மீட்டர் ஏறுதா?" என்று கேட்டான்.

"இல்லடா," என்றாள். முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "அந்தக் கடை அப்பவும் அங்கதான் இருந்துச்சு. தையல்காரர் இருந்தப்பவும் இருந்துச்சு. நான் நாலு மாசம் தாளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்டா."

தம்பி தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டான். அவள் மூட்டையை மறுபடி தூக்கி மிச்சத்தையும் கொட்டி, தொட்டியை மூடினாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல், அந்தப் பிரிவுக்கு வருகிற இருபத்து மூன்று பேரும் தொட்டிக்கென்று பையில் ஆளுக்கொரு பாக்கெட் கல்லுப்போடு வருகிறார்கள். ஒரு கல் உப்பு நாக்கில் படக்கூடாதவர்கள். காவல்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்.